படியேறிப் போனவர்கள்

ஆகஸ்ட் மாதக் கடைசி வந்துவிட்டால் கடலூர் சாலையில் காவி உடுத்தியவர்கள் கூட்டம் கூட்டமாக நடந்து போவதை நம் ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்போம். சென்னைப் பக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குக் கால்நடையாகப் போகிறவர்கள் அவர்கள். சிறிய தேர் ஒன்றைத் தள்ளிக்கொண்டு, மாதா பாட்டுப் பாடிக்கொண்டு போவார்கள். என் தாயார் உயிரோடு இருந்தவரை அந்த நாட்களில் வாசலில் ஒரு பானை மோர் வைத்துவிடுவார். யார், எந்த ஊர் என்று கேட்க மாட்டார். குடித்தவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு நடப்பார்கள்.

செப்டம்பர் 8ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள் திருவிழா. அதே தேதியில், 1853ஆம் ஆண்டு, மர்சேய் நகரத்தில் நாற்பது வயதுப் பேராசிரியர் ஒருவர் இறந்துபோனார். மர்சேய் என்றால் நம் ஊர்ப் பெரியவர்களுக்குப் புதிய பெயர் அல்ல. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் ஏறிய சொல்தாக்கள் பிரான்சு மண்ணில் முதலில் கால் வைத்த துறைமுகம் அதுதான். அங்கே இறந்த அந்தப் பேராசிரியரின் பெயர் ஃபிரெதெரிக் ஒசானாம். நம் பங்குக் கோயில்களில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் நான்கைந்து பேர் ஓரமாக உட்கார்ந்து, ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, எந்தக் குடும்பத்துக்கு அரிசி, எந்தப் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று பேசிக்கொண்டிருப்பார்களே, அந்தப் புனித வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கியவர்களில் ஒருவர் அவர். அவரைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். கூடவே என் கதையும் கொஞ்சம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பிரெஞ்சில். ஞானோபதேசம் மட்டும் இரண்டு மொழியில் நடந்தது. பள்ளியில் ஃபுவா, எஸ்பெரான்ஸ், ஷரித்தே என்று சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டில் பாட்டி அதையே விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று சொல்லிக்கொடுத்தார். மூன்றுக்கும் மூன்று மந்திரம். மந்திரம் தவறினால் இரவுச் சாப்பாடு தாமதமாகும். எனக்கு அப்போது ஒரு சந்தேகம். ஷரித்தே என்றால் பிச்சை போடுவது, கோயில் உண்டியலில் காசு போடுவது என்றுதான் தெருவில் பொருள். பாட்டி ஏன் அதைத் தேவசிநேகம் என்கிறார்? கடவுளை நேசிப்பதற்கும் ஏழைக்குக் காசு கொடுப்பதற்கும் எப்படி ஒரே சொல் வரும்? கேட்டால் அடி விழும் என்று கேட்கவில்லை. லத்தீனில் காரித்தாஸ் என்ற சொல்லுக்கு அன்பு என்ற பொருள் உண்டு என்பது பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இந்தச் சொல் குழப்பத்தை ஒசானாமின் வாழ்க்கையைப் படித்தபோதுதான் என்னால் முழுதாக அவிழ்க்க முடிந்தது.

ஒசானாம் 1813ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தார். வளர்ந்தது பிரான்சின் லியோன் நகரில். தகப்பனார் மருத்துவர். பெற்றோருக்குப் பிறந்த பிள்ளைகள் பதினான்கு பேர். பெரும்பாலோர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். தகப்பனார் ஏழை நோயாளிகளிடம் பணம் வாங்காமல் வைத்தியம் பார்ப்பார். தாயாரும் ஏழைகளின் வீடுகளைத் தேடிப் போவார். அந்த ஊர்க் கட்டடங்களில் வசதி உள்ளவர்கள் கீழ் மாடிகளிலும், ஏழைகள் கூரைக்கு அடியில் மேல் மாடிகளிலும் குடியிருப்பார்கள். லிஃப்ட் இல்லாத காலம். வயதான பிறகு கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் ஒரு வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம்: இனி நான்காம் மாடிக்கு மேல் ஏறுவதில்லை என்று. ஒருநாள் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதற்கு மேல் ஏறிப் போய், ஒரே நோயாளியின் வீட்டு வாசலில் சந்தித்துக்கொண்டார்கள் என்று சொல்வார்கள். அந்தத் தகப்பனார் 1837இல் ஓர் ஏழை நோயாளியைப் பார்க்கப் போன இடத்தில் படிக்கட்டில் விழுந்துதான் இறந்தார்.

அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை 1831ஆம் ஆண்டு சட்டம் படிக்கப் பாரிஸ் வந்தார். தங்க இடம் கொடுத்தவர் விஞ்ஞானி ஆந்திரே மரி ஆம்பேர். மின்சாரத்தை அளக்க ஆம்பியர் என்கிறோமே, அவர்தான். பள்ளியில் பௌதிக வாத்தியார் அவர் பெயரை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஆனால் மாணவன் ஒசானாம் விசுவாசத்தில் மனம் சோர்ந்து ஒரு கோயிலுக்குள் நுழைந்தபோது, மூலையில் முழந்தாளிட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர் இந்த ஆம்பேர்தான் என்ற செய்தியை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அன்றைய பாரிஸில் விசுவாசத்துக்கு மதிப்பு குறைவு. 1830இல் ஒரு புரட்சி முடிந்திருந்தது. குருக்கள் தெருவில் அங்கி போட்டு நடக்கத் தயங்கிய காலம். 1832இல் காலரா வந்தது. சில மாதங்களில் பாரிஸில் மட்டும் 18,000க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதிகம் செத்தது ஏழைப் பேட்டைகளில்தான்.

மாணவர்கள் கூடி வாதம் செய்யும் ஒரு சரித்திரக் கழகம் இருந்தது. ஒசானாமும் அவருடைய நண்பர்களும் அங்கே திருச்சபையின் பெருமைகளை எடுத்துச் சொல்வார்கள். எதிரணியில் சேன் சிமோன் கொள்கைக்காரர்களும் நாத்திகர்களும் இருந்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் எழுந்து கேட்டார். உங்கள் மதம் ஒரு காலத்தில் நல்லது செய்திருக்கலாம், அதை நாங்கள் மறுக்கவில்லை. இன்றைக்கு நீங்கள் செய்வது என்ன? இந்த நகரத்து ஏழைகளுக்காக உங்கள் கையால் என்ன செய்கிறீர்கள்? இதுதான் கேள்வியின் சாரம்.

வாதத்தில் கெட்டிக்காரரான ஒசானாமிடம் அதற்குப் பதில் இல்லை. அன்று மாலை அவரும் லெ தயாந்தியே என்ற நண்பரும் தங்களிடம் குளிருக்கு மிச்சம் இருந்த விறகை எடுத்துக்கொண்டு போய் ஓர் ஏழையின் வீட்டில் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்வார்கள். பதிலை வாயால் சொல்லவில்லை, தோளில் சுமந்துகொண்டு போனார்கள்.

1833ஆம் ஆண்டு ஏப்ரல் 23. ஒசானாமுக்கு அன்று இருபது வயது நிறைகிறது. ஒரு பத்திரிகை அலுவலகத்தில் ஆறு மாணவர்கள் கூடினார்கள். பத்திரிகை நடத்திய எம்மானுவேல் பாய்யி என்ற பெரியவர் தலைவராக உட்கார்ந்தார். மொத்தம் ஏழு பேர். ஜெபம் சொன்னார்கள், பேசினார்கள், கடைசியில் கையில் இருந்ததைப் போட்டார்கள். கூட்டத்துக்கு வைத்த பெயர் அன்பின் கழகம். ஷரித்தே என்ற அதே சொல். பிறகு புனித வின்சென்டைப் பாதுகாவலராக வைத்துக்கொண்டார்கள்.

ஆனால் இருபது வயதுப் பையன்களுக்கு ஏழை வீடு எங்கே இருக்கிறது என்று தெரியுமா? கதவைத் தட்டி என்ன பேசுவது என்று தெரியுமா? அதைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கன்னியாஸ்திரி: சகோதரி ரோசலி ராந்து. 1786இல் ஜூரா மலைப் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பெரிய புரட்சியின்போது அவர் வீட்டில் குருக்களை ஒளித்து வைத்திருந்தார்கள். தோட்டக்காரர் என்ற பெயரில் இருந்தவர் உண்மையில் ஓர் ஆயர் என்று சிறுமியாக அவர் கண்டுபிடித்துவிட்டார். 1802இல் பாரிஸ் வந்து பிறரன்புப் புதல்வியர் சபையில் சேர்ந்து, முஃப்தார் தெருவைச் சுற்றிய ஏழைப் பேட்டையில் ஐம்பது வருடத்துக்கு மேல் உழைத்தார். பள்ளிக்கூடம், மருந்துச்சாலை, அனாதைப் பிள்ளைகளுக்கு இல்லம், வேலைக்குப் போகும் தாய்மார்களின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம், முதியோர் இல்லம் எல்லாம் அவர் கையால் எழுந்தவை. மாணவர்களிடம் குடும்பங்களின் பட்டியலையும் ரொட்டிச் சீட்டுகளையும் கொடுத்தவர் அவர்தான். ஏழையிடம் பொறுமையாக இருங்கள், அவசரப்பட்டுக் குறை சொல்லாதீர்கள் என்று சொல்லி அனுப்புவாராம்.

அந்தச் சீட்டை மாணவர்கள் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஏழைகளை வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. இரண்டிரண்டு பேராக வீடு தேடிப் போனார்கள். சீட்டு ஒரு சாக்கு. படியேறிப் போய் உட்கார்ந்து பேசுவதுதான் வேலை. இன்றும் நம் ஊர்ச் சபையில் வீடு சந்திப்பு என்பதுதான் முதல் விதி.

இந்த ஒழுங்குக்கு வேர் இன்னும் இருநூறு வருடம் பின்னால் இருக்கிறது. 1617ஆம் ஆண்டு வின்சென்ட் தே பவுல் ஷாத்திய்யோன் என்ற சிற்றூரில் பங்குக் குரு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு உடை மாட்டிக்கொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு குடும்பமே நோயில் கிடக்கிறது, தண்ணீர் கொடுக்க ஆள் இல்லை என்று செய்தி வந்தது. பிரசங்கத்தில் அதைச் சொன்னார். மாலையில் அவர் பார்க்கப் போனபோது பாதி ஊர் சாப்பாட்டுடன் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷம்தான். கூடவே ஒரு கவலையும் வந்தது. இன்றைக்கு இத்தனை உணவு, பாதி கெட்டுப்போகும். நாளைக்கு? நாளன்றைக்கு? அன்பு நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை என்று புரிந்துகொண்டார். பெண்களைக் கூட்டி, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, விதிகளும் எழுதிக் கொடுத்தார். அந்த விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது, வீட்டில் துணைக்கு ஆள் உள்ளவரிடம் முதலில் போக வேண்டும், தனியாக இருப்பவரிடம் கடைசியில் போக வேண்டும். ஏன்? கடைசி வீட்டில்தானே அதிக நேரம் உட்கார முடியும்!

முப்பத்தைந்து வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். விதிகள் என்றால் ஒருவனைத் திருப்பி அனுப்புவதற்கு என்றுதான் எனக்குப் பழக்கம். ஒருவரோடு கூடுதல் நேரம் இருப்பதற்காக எழுதிய விதியை அன்றுதான் படித்தேன்.

இங்கே என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சர்வீசில் சில வருடம் முதியோர் உதவித்தொகை மனுக்கள் என் மேசைக்கு வந்தன. வயதுச் சான்று இல்லாத மனுவைத் திருப்ப வேண்டும். சிவப்பு மையில் ஒரு வரி எழுதுவேன்: "உரிய ஆவணம் இணைக்கப்படவில்லை." எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. அந்த வரியைப் படிக்கத் தெரியாத கிழவிகள் அதை ஒரு பேரனிடம் காட்டி, அவன் சொல்லக் கேட்டு, மறுபடி பஸ் ஏறி வருவார்கள். எந்த ஆவணம், எங்கே வாங்குவது என்று சொல்ல எனக்கு அரை நிமிடம் போதும். சில நாள் சொன்னேன். பல நாள் சொல்லவில்லை. மேசையில் கோப்பு மலைபோல் இருந்தது என்று இப்போது சொன்னால் அது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. நான் லஞ்சம் வாங்கியவன் அல்ல. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போனவன். தேவசிநேக மந்திரம் இரண்டு மொழியில் தெரிந்தவன். ஏழைகள் என் மேசைக்கு வந்தார்கள். ஒருநாளும் நான் அவர்கள் வீட்டுக்குப் போனதில்லை.

ஒசானாமும் வெறும் நல்ல மனதுக்காரர் அல்ல. சட்டத்திலும் இலக்கியத்திலும் முனைவர்; தாந்தேயைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர்; சொர்போன் பல்கலைக்கழகத்தில் அன்னிய இலக்கியப் பேராசிரியர். லியோனில் வணிகச் சட்டம் கற்பித்தபோதே, தொழிலாளியின் கூலி அவன் அன்றாடச் சாப்பாட்டுக்கு மட்டுமல்ல, பிள்ளைகளின் படிப்புக்கும் முதுமைக்கும் சேர்த்துப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று பேசினார். தர்மம் காயத்துக்கு எண்ணெய் பூசும், காயம் படாமல் தடுப்பது நீதியின் வேலை, இரண்டும் வேண்டும் என்பது அவர் கருத்து. 1848 ஜூனில் வேலையில்லாத தொழிலாளர்கள் பாரிஸ் தெருக்களில் தடுப்பு அரண் எழுப்பிச் சண்டை நடந்தது. பேராயர் அஃப்ரிடம் போய், நீங்கள் நடுவில் நின்று சமாதானம் பேசினால் இரத்தம் நிற்கலாம் என்று கேட்டவர்களில் ஒசானாமும் ஒருவர். பேராயர் போனார். தடுப்பு அரண் அருகே குண்டு பட்டு இரண்டு நாளில் உயிர் விட்டார். அந்தப் பாரம் ஒசானாமின் நெஞ்சில் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. ஆனாலும் அவர் ஏழைகள் பக்கம் பேசுவதை நிறுத்தவில்லை. 'புதிய யுகம்' என்ற பொருள்படும் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். வசதியுள்ள கத்தோலிக்கர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை.

வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியும் உண்டு. ஒரு புத்தாண்டு நாள். அவர் சந்திக்கும் ஒரு குடும்பம், நல்ல காலத்தில் வாங்கிய ஓர் அலமாரியை அடகு வைத்துவிட்டது. அவர்கள் பழைய வாழ்வின் மிச்சம் அது ஒன்றுதான். மீட்டுக் கொடுக்கலாமா என்று மனைவி அமேலியிடம் கேட்டார். இப்போது வேண்டாம் என்று அமேலி காரணங்கள் சொல்ல, சரி என்று விட்டுவிட்டார். மாலையில் சின்ன மகள் மரிக்கு வந்த பொம்மைகளையும் மிட்டாய்களையும் பார்த்து மனிதர் வாடிப்போய் உட்கார்ந்திருந்தார். மனைவியே, போய் மீட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். போய் மீட்டு, அவர்கள் வீட்டில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் முகம் மலர்ந்ததாம். அரிசி இல்லை என்றால் அரிசி கொடுக்கலாம். அலமாரி போனதில் ஒரு குடும்பத்துக்கு என்ன போயிற்று என்று தெரிய, அந்த வீட்டில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.

சிறுநீரக நோய் அவரை இளமையிலேயே பிடித்துக்கொண்டது. உடல் தேற இத்தாலி போனார், தேறவில்லை. திரும்பும் வழியில் மர்சேயில் கப்பல் விட்டு இறங்கி, சில நாளில், மாதா பிறந்த நாளன்று கண் மூடினார். சகோதரி ரோசலி 1856 பிப்ரவரி 7இல் இறந்தார். கடைசிக் காலத்தில் அவருக்குக் கண் பார்வை போய்விட்டது. பேட்டையே சவ ஊர்வலத்தில் நடந்தது. இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் 1997 ஆகஸ்ட் 22இல் பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் ஒசானாமுக்கும், 2003 நவம்பர் 9இல் சகோதரி ரோசலிக்கும் முத்திப்பேறு பட்டம் அளித்தார். செப்டம்பர் 8 மாதாவுக்கு உரியது என்பதால் ஒசானாமின் நினைவு நாள் மறுநாள், 9ஆம் தேதி.

ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் பங்குச் சபையில் சேர்ந்தேன். கணக்கு எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நாற்காலி வேலைதானே என்று ஒப்புக்கொண்டேன். மூன்றாவது வாரம், வீடு சந்திப்புக்கு ஒரு ஆள் குறைகிறது, நீங்கள் வாருங்கள் என்று ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் என்னை இழுத்துக்கொண்டு போனார். வாய்க்கால் ஓரத்து வீடு. பாரிஸ் வீடுபோலப் படியேற வேண்டியதில்லை, குனிந்து நுழைய வேண்டும். உள்ளே எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா. கிறிஸ்தவர் அல்ல, சபைக்கு அது கணக்கும் இல்லை. பூ கட்டிப் பிழைத்தவர், விரல் மடங்கிவிட்டது. உதவித்தொகைக்கு எழுதிப் போட்டீர்களா என்று வாத்தியார் கேட்டார். அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துக் கொடுத்தார். சிவப்பு மையில் அந்த வரி.

கையெழுத்து என்னுடையது அல்ல. என் காலத்துக்குப் பிந்தியது. ஆனால் வரி என்னுடையதுதான்.

வயதுச் சான்றுக்கு எந்த மருத்துவரிடம் போக வேண்டும், எந்தப் படிவம், எந்தச் சன்னல் என்று எனக்குத் தெரியாததா? வாத்தியார் ஆட்டோ பிடித்தார், நான் கூடப் போனேன். நான்கு தடவை அலைந்தோம். வரிசையில் நின்றோம். "நாளைக்கு வாங்க" என்பதை அந்தப் பக்கத்திலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன். ஏழு மாதம் கழித்துப் பணம் வந்தது.

அன்று பார்க்கப் போனபோது அந்த அம்மா எங்களுக்கு டீ வாங்கி வரச் செய்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வாத்தியார் என் கையைத் தொட்டார், பேசாமல் வாங்கிக்கொண்டேன். அந்த அம்மா எங்களைப் பார்த்து, "சாமி, இவ்ளோ விவரம் தெரிஞ்சவரு, இத்தினி நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். குத்திக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் கேட்டார்.

"ஆபீஸ்லதாம்மா இருந்தேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பாட்டியிடம் அறுபது வருடத்துக்கு முன் கேட்காமல் விட்ட கேள்விக்கு அந்தத் தரையில் உட்கார்ந்து டீ குடித்தபோது பதில் கிடைத்த மாதிரி இருந்தது.

இந்த வருடமும் நடை பயணக்காரர்கள் வருவார்கள். முழங்கால் வலியால் என்னால் வேளாங்கண்ணிக்கு நடக்க முடியாது. வாசலில் மோர்ப் பானை வைப்பேன். 8ஆம் தேதி பூசை. 9ஆம் தேதி வாத்தியாரோடு வாய்க்கால் ஓரம் போக வேண்டும். அந்த அம்மா இப்போது தனியாகத்தான் இருக்கிறார். அதனால் அவர் வீட்டைக் கடைசியாக வைத்திருக்கிறோம்.